சாய்கோடு

புதுவயல், அரிசி ஆலை வாசல், இரவு பதினொன்று.
எடைமேடையில் பவுன்ராஜின் லாரி
நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை நெல்லோடு நிற்கிறது.
மேடைக்கு எடை தெரியும்; சிவப்பெண்ணில் எரிகிறது.
கிடங்குக் கணக்குக்குத்தான் தெரியாது.
இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த சேவையை
மதியம் நான்தான் கழற்றினேன்.

பழைய சர்வர் இற்றுவிட்டது, புதியதில் ஏற்றணும்,
அவ்வளவுதான், கடைசி பஸ்ஸுக்குக்
காரைக்குடி திரும்பிவிடலாம் என்றார்கள்.

எழுதியவர் மங்களசுந்தரம் என்கிறது கோப்பு.
2009 அக்டோபர். இப்போது எந்த ஊரிலோ.
நாற்பதாம் வரிக்கு மேல் ஒரு குறிப்பு:
'இதைத் தொடாதே.'
தொடவில்லை.
மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஜார்களை ஒவ்வொன்றாக லிப்பில் அடுக்கினேன்.
மூடி திறந்தால் ஜாடிக்குள் ஜாடி,
அதற்குள் யாரோ என்றோ போட்ட ஊறுகாய்;
ஒரே பெயரில் இரண்டு, காரம் மட்டும் வேறு.
எல்லாவற்றையும் இறுக்கி ஒரே வார் கோப்பாக்கினேன்.
கல்லூரியில் அதைப் போர் என்று சொல்லிச் சிரிப்போம்.
போர்தான், வைக்கோல்போர்:
எங்கே உருவினாலும் ஒரு பிடி வரும்,
எங்கே உருவினால் சரியும் என்பது
சரிந்த பிறகு.

டாம்கேட் எழுந்தது.
(ஆலைப் பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.)
லாக் வரிவரியாக ஏறி 'தயார்' என்றது.
"வந்துருச்சாம்மா?" கணக்கர் சாத்தப்பன்.
வந்துருச்சுண்ணே.

முதல் உறை போயிற்று.
உறைக்குத் தலை உண்டு, உடல் உண்டு,
உடலுக்குள் லாரி எண், நேரம், எடை.
ஐந்நூறு திரும்பியது.
"ஐந்நூறு கிலோவா?"
இல்லைண்ணே. எங்கள் பேச்சில் ஐந்நூறு என்றால்
'கோளாறு என்னிடம்தான், என்னவென்று கேட்காதே.'

போர்ட்டைப் பார்த்தேன். ஃபயர்வாலைப் பார்த்தேன்.
ஜாவா பதிப்பை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினேன்.
பின்னால் இன்னும் இரண்டு லாரிகள் சேர்ந்து
அவற்றின் விளக்கு என் திரையை வெளுத்தது.
விசைப்பலகையில் தவிட்டுத்தூள்.
அவியும் நெல்லின் வாடை தலைமுடி வரைக்கும்.
பன்னிரண்டரைக்கு பவுன்ராஜ்
லாரியைப் பின்னெடுத்து ஓரங்கட்டி
ஸ்டீயரிங்கில் காலைப் போட்டுத் தூங்கிவிட்டார்.

ஒன்றே முக்காலுக்குக் கிடைத்தது.
கிடங்கு அறிந்த பெயர்வெளியின் கடைசியில்
ஒரு சாய்கோடு.
என்னுடையதில் இல்லை.
அந்த ஒற்றைக் கீற்று இல்லாததால்
வீட்டுக்காரரே வந்து கதவைத் தட்டியும்
யாரோ என்றிருக்கிறது கிடங்கு.

சாய்கோடு இருந்தது நாற்பதாம் வரியில்.

தொடாதே என்றது சரி, மங்களசுந்தரம்.
ஏன் என்று இன்னும் நாலு சொல்
எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

சேர்த்தேன். கட்டினேன். ஏற்றினேன்.
சோதிக்க மேடையில் ஏதாவது வேண்டும்.
தூங்குகிறவரை எழுப்ப மனமில்லை.
நானே ஏறி நின்றேன், செருப்போடு.
சாத்தப்பன் என் ஸ்கூட்டர் எண்ணை வண்டி எண்ணாகத் தட்டினார்.

அறுபது கிலோ.
இருபது இருபதாகத்தான் பேசும் அந்த மேடை;
ஐம்பத்திரண்டும் அதற்கு அறுபது, அறுபத்தெட்டும் அறுபது.
நான் எதிர்த்துப் பேசவில்லை.
'ஏற்கப்பட்டது' என்று வந்தது கிடங்கிலிருந்து,
இருநூறு, பிழையில்லை.
மூட்டை எதுவும் இல்லாத ஒரு சரக்கு
இன்றைய கணக்கில் நெல்லாக நிற்கிறது.
காலையில் அழிக்கணும். மறக்கக்கூடாது.

நாற்பதாம் வரிக்கு மேல், அவர் குறிப்புக்கு அடியில்,
'கடைசியில் சாய்கோடு. எடுத்தால் லாரி நிற்கும்'
என்று தட்டிவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன்.

பவுன்ராஜ் கண்ணைத் திறக்காமலே வண்டியை ஏற்றினார்.
சீட்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.
"இருபத்தாறாயிரத்து நானூத்தி அறுவது.
இதத்தானேம்மா
பதினோரு மணிக்கே காட்டுச்சு?"